அலிசன் கிரவுஸின் 'டூ லேட் டு க்ரை': ஒரு ஃபிடில் கலைஞரின் முதல் தனி ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஆல்பம்? யாருடையது?

1987இல் வெளிவந்த 'டூ லேட் டு க்ரை', அலிசன் கிரவுஸ் என்ற அமெரிக்கக் கலைஞரின் முதல் தனி ஆல்பம். வெளியிட்டது ரவுண்டர் ரெக்கார்ட்ஸ் என்ற சுயாதீன நிறுவனம். கிரவுஸ் பிறந்தது 1971 ஜூலையில். கணக்குப் போட்டுப் பாருங்கள், பள்ளிக்கூட வயசு.

இன்று அவர் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்த மெல்லிய குரலும் 27 கிராமி விருதுகளும்தான். ஆனால் 80களின் நடுவில் அவரைத் தெரிந்து வைத்திருந்தவர்களுக்கு அவர் போட்டிகளில் ஜெயித்துவிட்டுப் போகும் ஃபிடில் பெண். பாடவும் செய்வார், அவ்வளவுதான். இந்த ஆல்பத்தை அந்தக் காதோடு கேட்க வேண்டும் என்பது என் கட்சி. பாடகியின் முதல் ஆல்பமாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.

ஃபிடிலும் வயலினும் ஒன்றுதானா?

வாத்தியம் ஒன்றேதான். அதே நான்கு தந்தி, அதே வில். நம் வீட்டுப் பெரியவர்கள் கர்நாடகக் கச்சேரி வயலினையும் பிடில் என்றுதானே சொன்னார்கள்.

வாசிக்கும் விதத்தில்தான் எல்லா வித்தியாசமும். அமெரிக்கக் கிராமப்புறத்தில் வளர்ந்த கன்ட்ரி இசையின் ஃபிடில் நின்றபடி, தோளில் வைத்து வாசிப்பது. தந்திகள் கீழிருந்து மேலாக ஜி, டி, ஏ, இ. நம்மவர்கள் தரையில் அமர்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி சேர்க்கிறார்கள். நம்மிடம் இடது கைவிரல் ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு இழைந்து போய் கமகம் உண்டாக்குகிறது, கனம் அங்கே இருக்கிறது. ஃபிடிலில் கனம் வலது கையில், அதாவது வில்லில். நடனத்துக்கு வாசித்து வளர்ந்த கலை அது. ஆடுகிறவர்களின் காலைத் தூக்க வைப்பதுதான் அதன் முதல் வேலை. 'ஷஃபிள்' என்று ஒரு வில் நடை இருக்கிறது: ஒரு நீள இழுப்பு, அடுத்து இரண்டு குட்டை இழுப்பு, திரும்ப அதேபோல. இதோடு இரண்டு தந்திகளை ஒன்றாக உரசி வரும் இரட்டை ஒலி, பக்கத்துத் தந்தியை விரல் வைக்காமல் சும்மா முழங்க விடுவது, ஸ்வரத்துக்குள் கொஞ்சம் கீழிருந்து சறுக்கி ஏறுவது. கேட்டவுடன் 'இது ஃபிடில்' என்று காது சொல்வது இவற்றால்தான். இரட்டைத் தந்தியை அழுத்துவது சுலபமாக இருக்கட்டும் என்று சிலர் தந்திகளைத் தாங்கும் பாலத்தின் (குதிரையின்) வளைவைக் கொஞ்சம் மட்டமாகச் சீவிக்கொள்வதும் உண்டு.

கிரவுஸ் எங்கே, எப்படிக் கற்றார்?

கன்ட்ரி இசைக்காரர் என்றதும் மலையடிவாரக் கிராமம், தாத்தாவின் பழைய ஃபிடில் என்று ஒரு கதையை எதிர்பார்ப்போம். இவருக்கு அது பொருந்தாது. பிறந்தது இல்லினாய் மாநிலத்து டிகேட்டர். வளர்ந்தது அதே மாநிலத்தில் பல்கலைக்கழகம் இருக்கும் ஷாம்பேன் நகரத்தில். சுற்றிலும் மலையே கிடையாது, கண்ணுக்கெட்டிய வரை சோள வயல். ஐந்து வயதில் மேற்கத்திய சாஸ்திரிய வயலின் வகுப்பு. அதில் மனசு ஒட்டாமல் ஃபிடில் பக்கம் வந்து, எட்டு வயது வாக்கில் போட்டிகளில் மேடை ஏற ஆரம்பித்துவிட்டார். 12 வயது வாக்கில் இல்லினாய் மாநில ஃபிடில் சாம்பியன்.

ஃபிடில் போட்டி என்றால் ஏதோ திருவிழாப் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம், நிஜமாகவே கறாரான இடம். இடாஹோ மாநிலத்தில் வைசர் என்ற சின்ன ஊரில் நடக்கும் தேசியப் போட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று உருப்படி: ஒரு வேகமான நடன மெட்டு, ஒரு வால்ட்ஸ் (மூன்றடித் தாள நடன மெட்டு), அப்புறம் வாசிப்பவர் விருப்பத்துக்கு ஒன்று. மூன்றையும் சில நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டும். பல போட்டிகளில் நடுவர்கள் வேறு அறையில் உட்கார்ந்து ஒலியை மட்டும் கேட்டு மார்க் போடுவார்கள். முகம், உடை, வயசு எதுவும் அங்கே எடுபடாது. ரயில் சத்தம், பறவைச் சத்தம் எழுப்பிக் கைத்தட்டல் வாங்கும் வித்தை உருப்படிகளுக்குத் தடை வேறு.

இந்தப் போட்டி உலகத்தில் செல்வாக்கு பெற்றது டெக்சஸ் பாணி. ஒரு பழைய மெட்டை எடுத்துக்கொண்டு, திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் அதை வேறு மாதிரி வாசிக்க வேண்டும். மெட்டின் எலும்பு தெரிய வேண்டும், சதை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். பென்னி தாமசன் என்ற டெக்சஸ் ஃபிடில் கலைஞரைத்தான் இந்தப் பாணிக்குப் பெரிய ஆசான் என்பார்கள். குழந்தையிலிருந்து இதில் ஊறியவருக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்: ஒரு ஸ்வரத்தைக்கூட வீணடிக்கக் கூடாது. கிரவுஸ் பாடும்போதும் அந்தப் பழக்கம் தெரிகிறது.

இது கன்ட்ரியா, ப்ளூகிராஸா?

ப்ளூகிராஸ். அது கன்ட்ரி குடும்பத்தின் ஒரு கிளை. கென்டக்கிக்காரர் பில் மன்ரோவும் அவருடைய குழுவும் 1940களில் உருவாக்கிய வடிவம். டிரம்ஸ் இல்லை, மின்சார வாத்தியம் கிடையாது. மாண்டலின், பாஞ்சோ, கிடார், ஃபிடில், நின்று வாசிக்கும் பெரிய பாஸ். இந்த ஆல்பத்தில் கூடவே டோப்ரோவும் உண்டு. கிடாரைப் படுக்கை வாட்டில் வைத்து உலோகக் கட்டையால் தேய்த்து வாசிப்பது அது.

இதுதான் அவருடைய முதல் பதிவா?

இல்லை. 1985இல் 'டிஃபரன்ட் ஸ்ட்ரோக்ஸ்' என்று ஒரு பதிவு வந்தது. அதில் வேறு இரண்டு கலைஞர்களோடு சேர்ந்து வாசித்திருந்தார், அண்ணன் விக்டரும் உண்டு. தன் பெயரில் மட்டும் வந்த முதல் ஆல்பம் 'டூ லேட் டு க்ரை'தான்.

ரவுண்டர் ரெக்கார்ட்ஸ் என்பது என்ன? சுயாதீன நிறுவனம் என்றால் என்ன அர்த்தம்?

அமெரிக்க இசைச் சந்தையைக் கைக்குள் வைத்திருந்தவை சில ராட்சத நிறுவனங்கள். பதிவு, அச்சு, விநியோகம், வானொலி விளம்பரம் எல்லாம் அவர்கள் கையில். அந்த வட்டத்துக்கு வெளியே, சொந்தக் காசில் இசைத்தட்டுப் போட்டு விற்பவர்களைத்தான் சுயாதீன நிறுவனம் என்கிறோம்.

ரவுண்டரைத் தொடங்கியது 1970இல், பாஸ்டன் பக்கத்தில், மூன்று இளைஞர்கள்: கென் எர்வின், பில் நௌலின், மேரியன் லெய்டன் லெவி. வியாபாரம் படித்தவர்கள் அல்ல, பழைய நாட்டுப்புற இசைமேல் பைத்தியமாக இருந்தவர்கள். முதல் தட்டே வட கரோலினாவைச் சேர்ந்த ஜார்ஜ் பெக்ரம் என்ற வயசான பாஞ்சோக்காரருடையது. யாராவது லாபத்தை நினைத்து அப்படி ஆரம்பிப்பார்களா? ஆனால் அவர்களுக்குத் தங்கள் கேட்போர் யார் என்று தெரியும். அந்த ஆட்கள் திருவிழாக்களுக்கு வருவார்கள், தபாலில் பணம் அனுப்பி வாங்குவார்கள், நாட்டுப்புற இசை மட்டும் விற்கும் சின்னக் கடைகளுக்குப் போவார்கள். 1975இல் பாஞ்சோ கலைஞர் ஜே.டி. க்ரோவின் குழு போட்ட தட்டு ப்ளூகிராஸ் உலகத்தையே திருப்பியது. சில ஆண்டுகள் கழித்து ஜார்ஜ் தரகுட் என்ற ராக் கலைஞர் நன்றாக விற்றுக் கொடுத்தார். அந்தப் பணம் மற்ற தட்டுகளைத் தாங்கியது.

கிரவுஸ் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது 1985இல், 14 வயதில். அவரைக் கண்டெடுத்தவர் கென் எர்வின். ஒப்பந்தத்துக்கும் ஆல்பத்துக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு வருஷம். சின்ன நிறுவனம் கொடுக்கக்கூடிய பெரிய பரிசு அந்த நேரம்தான். ஒரு பெரிய நிறுவனத்தில் 14 வயது ஃபிடில் பெண் கையெழுத்திட்டிருந்தால் அடுத்த ஆறு மாதத்தில் வானொலிக்கு ஒரு ஹிட் கேட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். ஃபிடில் இரண்டாம் வரிசைக்குப் போயிருக்கும், டிரம்ஸ் முன்னால் வந்திருக்கும்.

பின்னாளில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் பெரிய நிறுவனங்கள் கூப்பிட்டபோது ஏன் போகவில்லை?

தன் இசையைத் தானே தீர்மானிக்கும் சுதந்திரம் ரவுண்டரில் இருந்தது, அதை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. அந்தப் பிடிவாதம் வீண் போகவும் இல்லை. 1995இல் ரவுண்டர் வெளியிட்ட அவருடைய தொகுப்பு ஆல்பம் பத்து லட்சக்கணக்கில் விற்றது, அதே வருஷம் கன்ட்ரி இசைச் சங்கத்தின் நான்கு விருதுகளும் வந்தன. ப்ளூகிராஸில் நினைத்தும் பார்க்காத விற்பனை அது, அதுவும் ஒரு சுயாதீன நிறுவனத்திலிருந்து.

'தனி' ஆல்பம் என்கிறீர்கள், இத்தனை பேர் வாசிக்கிறார்களே?

நியாயமான கேள்வி. ப்ளூகிராஸில் தனி ஆல்பம் என்றால் தனியாக வாசிப்பது அல்ல. அட்டையில் யார் பெயர், பாட்டைத் தேர்ந்தெடுத்தது யார், முடிவு யாருடையது என்பதுதான் விஷயம்.

கிரவுஸுக்கு யூனியன் ஸ்டேஷன் என்று ஒரு குழு உண்டு. பாஸ் கலைஞரும் பாடலாசிரியருமான ஜான் பெனலோடு 12 வயதிலிருந்து வாசித்து வந்த கூட்டம், முதலில் வேறு பெயரில் இருந்தது. ரவுண்டர் ஒப்பந்தத்தில் சுவாரசியமான ஏற்பாடு ஒன்று: ஒரு தனி ஆல்பம், அடுத்தது குழு ஆல்பம் என்று மாற்றி மாற்றித் தர வேண்டும். அதனால்தான் 1987இல் இது, 1989இல் குழுவோடு 'டூ ஹைவேஸ்', 1990இல் திரும்பத் தனியாக 'ஐவ் காட் தட் ஓல்ட் ஃபீலிங்'. குழு வளர்வதும் பெயர் வளர்வதும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் பார்த்துக்கொண்ட கெட்டிக்கார ஏற்பாடு.

'டூ லேட் டு க்ரை'யில் கூட வாசித்தவர்களில் மாண்டலினில் சாம் புஷ், டோப்ரோவில் ஜெர்ரி டக்ளஸ், பாஞ்சோவில் டோனி ட்ரிஷ்கா. மூவரும் அப்போதே அந்தந்த வாத்தியத்தின் போக்கை மாற்றியவர்கள். பதினாறு வயசுப் பெண்ணின் தட்டுக்கு இப்படிப்பட்ட ஆட்கள் வந்தார்கள் என்றால் அந்த வட்டத்தில் அவர் வாசிப்புக்கு இருந்த மதிப்பு புரியும். டக்ளஸ் பிறகு 1998இல் யூனியன் ஸ்டேஷனிலேயே சேர்ந்துவிட்டார்.

ஃபிடில் கலைஞர் என்றால் ஏன் இவ்வளவு பாட்டு?

கசப்பான உண்மை ஒன்று: வாத்தியம் மட்டும் நிறைந்த ஃபிடில் ஆல்பத்தைப் பெரும்பாலும் வாங்குபவர்கள் மற்ற ஃபிடில் கலைஞர்கள்தான். பாட்டு இருந்தால்தான் வானொலி, பாட்டு இருந்தால்தான் திருவிழாவில் மாலை நேர மேடை. கிரவுஸுக்கோ குரலும் இருந்தது, பக்கத்திலேயே பெனல் மாதிரி எழுதுகிற ஆளும் இருந்தார். தலைப்புப் பாட்டு உட்படப் பல பாடல்கள் பெனலுடையவை. ராட்னி க்ரோவல் எழுதிய 'சாங் ஃபார் லைஃப்' பாட்டும் உண்டு.

பாடிக்கொண்டே ஃபிடில் வாசிக்க முடியுமா?

முடியும், கஷ்டம். வாத்தியம் தாடைக்கு அடியில் இடுங்கியிருக்கும்போது வாய் தாராளமாகத் திறக்காது. மார்பில் தாழ்த்தி வைத்துக்கொண்டு பாடிய பழைய காலத்து ஆட்கள் உண்டு. கிரவுஸ் மேடையில் பாடும்போது ஃபிடிலை இறக்கிவிடுவார், சரணம் முடிந்ததும் தூக்கித் தோளில் வைத்து வாசிப்பார். ஸ்டூடியோவில் குரலையும் வாத்தியத்தையும் தனித்தனித் தடத்தில் பதியலாம் என்பதால் ஆல்பத்தில் கேட்பதெல்லாம் மேடையில் அப்படியே நடக்க வேண்டும் என்பதில்லை.

ஆல்பத்தில் எதைக் கவனித்துக் கேட்பது?

முதலில் 'டஸ்டி மில்லர்'. பாட்டு கிடையாது, வாத்தியங்கள் மட்டும். பழைய மெட்டு, டெக்சஸ் போட்டிக்காரர்களுக்கு மிகவும் பிடித்தது. அந்தப் போட்டி உலகத்திலிருந்து அவர் என்ன கொண்டுவந்தார் என்று இதில் பச்சையாகத் தெரியும். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாவது தடவை ஃபிடிலை மட்டும் பின்தொடருங்கள். ஒரு பகுதி திரும்ப வரும்போது என்ன மாறியது? ஒரு இடத்தில் இரட்டைத் தந்தி கூடியிருக்கும், இன்னொரு இடத்தில் வில் திசை மாறி அழுத்தம் எதிர்பாராத இடத்தில் விழும்.

அடுத்து, பாட்டுகளில் 'பிரேக்' எனப்படும் இடம். சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே ஒரு வாத்தியம் முன்னால் வந்து மெட்டைத் தன் பாணியில் வாசித்துவிட்டு ஒதுங்கும். பாஞ்சோவோ மாண்டலினோ சரமாரியாகப் பொழிந்த பிறகு ஃபிடில் வரும்போது, ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடித்து நிறுத்தக்கூடிய வாத்தியம் அது என்பது சட்டென்று உறைக்கும். மீட்டும் வாத்தியங்களால் அது ஆகாது, தட்டிய ஒலி தேய்ந்துவிடும். பாட்டின் சோகத்தைச் சுமக்கும் வேலை ஃபிடிலுக்கு வருவது அதனால்தான்.

மூன்றாவது, தாளம். டிரம்ஸ் இல்லையே, யார் பிடிக்கிறார்கள்? பாஸ் அழுத்தமான அடிகளில் விழும், மாண்டலின் இடைப்பட்ட அடிகளில் 'சக்' என்று வெட்டும். ஃபிடிலும் அந்த வெட்டு வேலையைச் செய்யும் ஒரு உத்தி உண்டு. வில்லின் அடிப்பகுதியால் தந்தியைத் தட்டுவது, 'சாப்' என்பார்கள். 1960களில் பில் மன்ரோ குழுவில் இருந்த ரிச்சர்ட் க்ரீன் கொண்டுவந்தது. இன்று செல்லோக்காரர்கள்கூடச் செய்கிறார்கள்.

குறை சொல்ல வேண்டுமென்றால், சில பாட்டுகள் ஒன்றுபோல இருக்கின்றன. குரலும் பின்னாளைய கிரவுஸின் குரல் அல்ல. கொஞ்சம் கூர்மை, கொஞ்சம் அவசரம். எனக்கு அந்த அவசரம் பிடிக்கும்.

இப்படி ஒரு ஆல்பத்தில் ஃபிடில் கலைஞருக்கு என்ன காசு கிடைக்கும்?

அமெரிக்காவில் இரண்டு வாய்க்கால் தனித்தனியாக ஓடுகிறது. ஒன்று, பாட்டை எழுதியவருக்கு. விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் சட்டம் நிர்ணயித்த தொகை. 1987இல் அது பொதுவாக ஒரு பாட்டுக்கு 5 சென்ட். இன்னொன்று, பாடி வாசித்தவருக்கு ஒப்பந்தப்படி வரும் பங்கு. பதிவுச் செலவைப் பெரும்பாலும் அதிலிருந்து கழித்துக்கொண்ட பிறகுதான் கைக்கு வரும்.

'டஸ்டி மில்லர்' மாதிரியான பழைய மெட்டுக்கு எழுதியவர் என்று யாரும் இல்லை, யாருக்கும் அந்த 5 சென்ட் தர வேண்டியதில்லை. புதிதாக ஒழுங்கமைத்தவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். ஃபிடில் ஆல்பங்களில் பழைய மெட்டுகள் நிறைந்திருப்பதற்குப் பாசம் ஒரு காரணம், இந்தக் கணக்கும் ஒரு காரணம். சின்ன நிறுவனத்துக் கலைஞர்கள் பலருக்கு உண்மையான வருமானம் கச்சேரி முடிந்து மேசை போட்டு விற்கும் தட்டில்தான்.

இந்த ஆல்பத்துக்கு விருது கிடைத்ததா?

கிராமி இதற்கு வரவில்லை. முதல் கிராமி 1990 ஆல்பத்துக்கு, 1991 விழாவில். 1993இல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி வானொலி மேடை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியில் உறுப்பினராக்கினார்கள். 21 வயதில் அங்கே சேர்ந்தது அப்போது பெரிய செய்தி.

கிரவுஸை இதில் தொடங்கிக் கேட்கலாமா?

குரலுக்காக வருகிறீர்கள் என்றால் 1995 தொகுப்பில் தொடங்குங்கள். ஃபிடில் பிடிக்கும் என்றால் தயங்காமல் இதில் தொடங்கலாம்.

இதுபோல வேறு ஃபிடில் கலைஞர்களின் ஆல்பங்கள்?

வேரிலிருந்து போவோம். 1922 கோடையில் எக் ராபர்ட்சன் என்ற டெக்சஸ் ஃபிடில்காரர் நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காக வாசித்தவைதான் கன்ட்ரி இசையின் முதல் வணிகப் பதிவுகள் என்று பலர் சொல்வார்கள். பக்கவாத்தியம் இல்லாமல், ஒற்றை ஃபிடிலாக அவர் வாசித்த 'சாலி குட்டன்' இன்றைக்கும் மூச்சு வாங்க வைக்கும். நூறு வருஷத்துக்கு முந்தைய இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கென்னி பேக்கர் கட்டாயம் கேட்க வேண்டியவர். கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பில் மன்ரோ குழுவின் தூண். 1960களின் இறுதியிலிருந்து கவுண்டி என்ற சுயாதீன நிறுவனத்தில் வரிசையாக ஆல்பம் போட்டார். வழவழப்பான வில்.

ரவுண்டரிலேயே, கிரவுஸுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் முன்னால், மார்க் ஓ'கானர் என்ற சியாட்டில் சிறுவன் தேசிய இளையோர் சாம்பியன் என்ற பட்டத்தையே தலைப்பாக வைத்து ஆல்பம் போட்டான். அந்த நிறுவனத்துக்குச் சின்ன வயசு ஃபிடில்காரர்களைக் கண்டு பயமே இல்லை. ஸ்டூவர்ட் டங்கனின் 1992 தனி ஆல்பம், மைக்கேல் க்ளீவ்லண்டின் 2002 ஆல்பம் 'ஃப்ளேம் கீப்பர்' இரண்டும் ரவுண்டர்தான். க்ளீவ்லண்ட் பிறவியிலேயே பார்வையற்றவர், இன்று உயிரோடு இருக்கும் ப்ளூகிராஸ் ஃபிடில்காரர்களில் வேகத்துக்கு அவர்தான் என் தேர்வு.

ரவுண்டரும் கிரவுஸும் இப்போது எங்கே?

ரவுண்டரை 2010இல் கான்கார்ட் குழுமம் வாங்கிவிட்டது. பெயர் இருக்கிறது, சுயாதீனம் போனது. 2017இல் கிரவுஸ் ஒரு தனி ஆல்பத்தைக் கேபிடல் என்ற பெரிய நிறுவனத்தில் போட்டார். அப்புறம் ரவுண்டரைத் தொடங்கிய அதே மூவர் டவுன் தி ரோடு என்று புதிதாக ஒரு சின்ன நிறுவனம் ஆரம்பித்தார்கள். யூனியன் ஸ்டேஷனோடு பல வருஷ இடைவெளிக்குப் பிறகு கிரவுஸ் செய்த 'ஆர்கேடியா' 2025 மார்ச்சில் அவர்களிடம்தான் வெளிவந்தது.